எண்ணிக்கை தந்த அதிகாரம்: ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் நடந்தது

எடுத்துக்கொண்ட நிகழ்வு

2020 ஆகஸ்ட் கடைசி வாரத்தில், ஸ்காட்லாந்து பற்றிப் பேசும் ரெடிட் குழுவில் நீளமான பதிவு ஒன்று வந்தது. ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியாவின் கட்டுரைகளில் பெரும்பங்கை ஒரே ஆள் எழுதியிருக்கிறார், அவர் அமெரிக்காவில் இருக்கும் பதின்ம வயதுக்காரர், அவருக்கு ஸ்காட்ஸ் தெரியாது என்பது அதன் சாரம். மறுநாளே பிரிட்டன் செய்தித்தாள்களில் அது வந்துவிட்டது. இரண்டு மூன்று நாளில் உலகமே சிரித்தது.

சிரிக்கத் தோதான கதைதான். ஆனால் அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நடந்தவையும், அதற்கு முன் பல ஆண்டுகள் நடக்காமல் போனவையும் சமூக வலைத்தளக் குழு நடத்துகிற யாருக்கும் பாடமாக உதவும். அதனால்தான் வரிசைப்படுத்தி எழுதிவைக்கிறேன். இங்கே தனியாட்கள் பெயர் எதுவும் இல்லை. செய்தித்தாள்களில் அவை வந்தன என்பது வேறு விஷயம். நடுவில் நின்றவர் இந்த வேலையைத் தொடங்கியபோது பள்ளிச் சிறுவர் என்பதால் அவரை ‘தொகுப்பாளர்’ என்று மட்டும் குறிப்பிடுகிறேன். ரெடிட்டில் எழுதியவர் ‘பதிவர்’.

பின்னணி

ஸ்காட்லாந்தில் மூன்று மொழிகள் புழங்குகின்றன: ஆங்கிலம், கெல்டிய குடும்பத்தைச் சேர்ந்த கெய்லிக், பிறகு ஸ்காட்ஸ். இதில் ஸ்காட்ஸ் ஆங்கிலத்துக்கு உடன்பிறப்பு மாதிரி. இரண்டும் பழைய ஆங்கிலத்திலிருந்து கிளைத்தவை. இராபர்ட் பர்ன்ஸ் கவிதை எழுதிய மொழி அது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ‘உங்களுக்கு ஸ்காட்ஸ் பேச வருமா?’ என்று கேட்டார்கள். சுமார் 15 லட்சம் பேர் வரும் என்றார்கள்.

அந்த எண்ணிக்கையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பேசுகிறவர்கள் பலருக்கு அதில் எழுதிப் பழக்கமில்லை. பள்ளியில் ஆங்கிலம்தான். வகுப்பில் ஸ்காட்ஸ் பேசினால் ‘ஒழுங்காகப் பேசு’ என்று அதட்டு வாங்கிய தலைமுறைகள் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே எழுத்துமுறையும் கிடையாது. வடகிழக்கில் ஒரு வழக்கு, ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்று, கடல் தாண்டி அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் இன்னொன்று. ‘அது தனி மொழியே இல்லை, கொச்சை ஆங்கிலம்’ என்று சொல்கிறவர்கள் ஸ்காட்லாந்துக்குள்ளேயே ஏராளம். இந்த ஏளனத்துக்கு வயது பல நூற்றாண்டு. நிகழ்வு முழுவதும் அது பின்னால் நிற்கிறது.

ஸ்காட்ஸ் விக்கிப்பீடியா 2005இல் தொடங்கியது. விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மொழிப் பதிப்பும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. பக்கங்களை நீக்கவும் பயனர்களைத் தடுக்கவும் அதிகாரம் உள்ள நிர்வாகிகளையும் அந்தந்தச் சமூகமே தேர்ந்தெடுக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் தவறாக ஒரு வரி எழுதினால் சில நிமிடத்தில் யாராவது வந்து நிற்பார்கள். சிறிய பதிப்புகளில் அப்படி இல்லை. ஐந்தாறு பேர்தான் தொடர்ந்து தொகுப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் பரீட்சைக்குப் படிக்கப் போனால் ஆலமரத்தடி (பொது உரையாடல் பக்கம்) காலி. தமிழ் விக்கிப்பீடியாவின் தொடக்க காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தொகுப்பாளர் வந்த விதம்

தொகுப்பாளர் 2013இல் வந்தார். வயது 12. பிற்பாடு அவரே சொன்ன தகவல் இது. ஸ்காட்லாந்தில் வாழ்ந்தவரல்ல, வீட்டில் அந்த மொழி பேசுகிறவர்களும் இல்லை. அவர் கைக்கொண்ட முறை எளிது. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திறப்பது, இணையத்தில் கிடைத்த ஆங்கிலம்–ஸ்காட்ஸ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது, சொல்லுக்குச் சொல் மாற்றுவது. அகராதியில் சொல் அகப்படாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே விட்டுவிடுவது, அல்லது எழுத்தை ஸ்காட்ஸ் போலத் தோன்றும்படி கொஞ்சம் திருப்பி எழுதுவது.

எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியம், கிரேக்கத் தொன்மத்தில் வரும் மினோட்டார் பற்றியது. தமிழ் எழுத்தில் அது இப்படி இருக்கும்: ‘தி மினோட்டார் விஸ் எ க்ரியேட்டர் வி தி ஹீட் ஓ எ புல்.’ ஆங்கிலத்தின் ‘வாஸ்’ இங்கே ‘விஸ்’, ‘வித்’ இங்கே ‘வி’, ‘ஹெட்’ இங்கே ‘ஹீட்’, ‘ஆஃப்’ இங்கே ‘ஓ’. தனித்தனியாக எடுத்தால் நான்கும் ஸ்காட்ஸ் அகராதியில் இருக்கிற சொற்கள்தான். வாக்கியத்தின் முதுகெலும்பு மட்டும் அப்படியே ஆங்கிலம். ஸ்காட்ஸ் பேசும் ஒருவர் இந்தச் சேதியைச் சொல்ல நேர்ந்தால் எப்படித் தொடங்குவார், எங்கே நிறுத்துவார் என்பதற்கு அதில் தடயமே இல்லை.

தமிழ் தெரியாத ஒருவர் ஆங்கிலம்–தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு ‘மினோட்டார் இருந்தது ஒரு பிராணி உடன் தலை இன் ஒரு காளை’ என்று எழுதினால் நாம் முதல் வரியிலேயே மூடிவிடுவோம். ஸ்காட்ஸில் அந்த வசதி இல்லை. ஆங்கிலத்துக்கு அவ்வளவு நெருக்கமான மொழி என்பதால் சொல் வரிசை பெரிய அளவில் உடையாது. தெரியாதவர் கண்ணுக்கு அது ஸ்காட்ஸ் மாதிரியே இருந்தது. தெரிந்தவர் கண்ணுக்கோ யாரோ தங்கள் பேச்சை நையாண்டி செய்கிற மாதிரி இருந்தது.

இப்படி 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள். தொகுப்புகள் என்று கணக்கிட்டால் 2 லட்சத்துக்கும் மேல். ஏழாண்டும் ஓய்வின்றி உழைத்தார் என்று வைத்தாலும் நாளுக்கு ஏழெட்டுக் கட்டுரை. பெரும்பாலானவை குறுங்கட்டுரைகள். இடையில் அவர் நிர்வாகியும் ஆனார்.

இதில் மோசடி இல்லை. போலிப் பட்டம் காட்டி இடம் பிடித்த கதைகள் இணையத்தில் உண்டு, இது அந்த வகையல்ல. பட்டமோ சான்றிதழோ யாரும் கேட்கவும் இல்லை. தினமும் வந்தார், சளைக்காமல் எழுதினார், எண்ணிக்கை ஏறியது, ஏறிய எண்ணிக்கையே தகுதியானது. இணையக் குழுக்களில் ‘நிபுணர்’ என்கிற பெயர் பெரும்பாலும் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அதிகம் பேசுகிறவர், சீக்கிரம் பதில் சொல்கிறவர், இரவிலும் விழித்திருப்பவர் சில மாதங்களில் அங்கே மூத்தவராகிவிடுவார். வாட்ஸ்அப்பில் சித்த வைத்தியக் குழுவையோ மாடித்தோட்டக் குழுவையோ எட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஏழாண்டு ஏன் யாரும் தடுக்கவில்லை

நிகழ்வின் முக்கியமான கேள்வி இதுதான். ‘யாரும் கவனிக்கவில்லை’ என்று பல செய்திகள் எழுதின. அது சரியல்ல. கவனித்தார்கள். கவனித்தவர்கள் சிரித்தார்கள்.

ஸ்காட்ஸ் விக்கிப்பீடியா பல ஆண்டுகளாகவே இணையத்தில் ஒரு நகைச்சுவைப் பொருள். யாராவது ஒரு பக்கத்தைத் தற்செயலாகத் திறந்து, படம் பிடித்துப் போட்டு, ‘இது உண்மையாகவே இருக்கிறதா?’ என்று கேட்பார்கள். கீழே நூறு பேர் ஸ்காட்லாந்துக்காரர் குரலில் பேசிக் காட்டுவார்கள். விக்கிமீடியா திட்டங்களை ஒருங்கிணைக்கும் மேல்-விக்கியில் இந்தப் பதிப்பை மூடச் சொல்லி ஒரு முன்மொழிவே வந்தது. அதில் சொன்ன காரணம், இது சிரிப்புத் திட்டம், சில நிமிடம் வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதற்கு வளங்களைச் செலவிடுவது தகாது என்பது. முன்மொழிவு ஏற்கப்படவில்லை.

ஏற்காதது நியாயம்தான். இலட்சக்கணக்கானோர் பேசும் மொழியைச் சிரிப்பு என்று சொல்லி மூட முடியாது. ஆனால் கேள்வி எழுந்த விதம் பதிலையும் திசைதிருப்பிவிட்டது. ‘ஸ்காட்ஸ் ஒரு மொழியா?’ என்பதுதான் வாதமாயிற்று. ‘அங்கே எழுதியிருப்பது ஸ்காட்ஸா?’ என்ற கேள்வி அந்த வாதத்துக்குள் எழ இடமே இல்லை. கேலி செய்தவர்கள் அந்தப் பக்கங்களை உண்மையான ஸ்காட்ஸ் என்று நம்பித்தான் கேலி செய்தார்கள். எதிர்த்தவர்கள் மொழியின் மானத்தைக் காக்கிற வேகத்தில் தளத்தையும் சேர்த்துக் காத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரு கட்டுரையை வரிவரியாகப் படித்துப் பார்க்கவில்லை.

மொழி தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள்? வந்தார்கள், ஒரு பக்கம் படித்தார்கள், முகம் சுளித்துப் போய்விட்டார்கள். ஒருவேளை தங்கள் பகுதியில் இல்லாத வழக்கோ என்று நினைத்தவர்களும் இருந்திருக்கலாம். எழுத்துமுறை ஒன்றாக இல்லாத மொழியில் இந்தச் சந்தேகம் இயல்பு. பள்ளியில் தன் மொழியைப் படிக்காதவருக்கு, அச்சில் இருப்பதைப் பார்த்து ‘இது தப்பு’ என்று சொல்லவும் தயக்கம் வரும். ‘தொகு’ பொத்தான் அவர்களுக்கும் திறந்தே இருந்தது என்பது உண்மை. ஆனால் 20,000 கட்டுரைக்கு நடுவே ஒரு வரியைத் திருத்த உட்கார யாருக்கு மனம் வரும்?

ஆக, தெரியாதவர் எழுதினார், தெரிந்தவர் விலகினார், வேடிக்கை பார்த்தவர் சிரித்தார். நான் இதில் முதல் ஆளைவிட மூன்றாவது ஆளைத்தான் அதிகம் குறைசொல்வேன். கேலி ஓர் இடத்தைக் கெட்ட பெயருள்ள இடமாக்கிவிடுகிறது. அப்புறம் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் பக்கம் வருவதே கௌரவக் குறைவாகிவிடுகிறது. மிஞ்சுபவர் யார் என்றால், கேலி காதில் விழாத தொலைவில் உட்கார்ந்து, நல்ல காரியம் செய்கிறோம் என்று நம்புகிற சிறுவர்.

பதிவரின் கண்டுபிடிப்பும் அவர் எடுத்த முடிவும்

பதிவர் செய்தது பெரிய துப்பறிவு அல்ல. கட்டுரைகளின் ‘வரலாறு’ பக்கத்தைத் திறந்தார். ஒன்றில் ஒரு பயனர் பெயர். அடுத்ததிலும் அதே பெயர். அந்தப் பயனரின் பங்களிப்புப் பட்டியலைத் திறந்தார். விக்கிப்பீடியாவில் இதற்கு மூன்று சொடுக்கு போதும், கணக்குகூட வேண்டாம். எல்லாத் தகவலும் முதல் நாளிலிருந்தே பொதுவெளியில் கிடந்தது.

அதன் பிறகு செய்ததுதான் பாராட்டத்தக்கது. வாக்கியங்களை எடுத்துப் போட்டு, ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எப்படிப் பிழை என்று விளக்கினார். இது ஆங்கில இலக்கணம், இங்கே அகராதிச் சொல் தவறான பொருளில் வந்திருக்கிறது, இது எந்த வட்டாரத்திலும் வழங்காதது என்று காட்டினார். நிபுணத்துவம் என்றால் இதுதான். தான் யார் என்று சொல்லிக்கொள்ளத் தேவையே இல்லை, வாதத்தைப் படித்தாலே தெரிந்துவிடும்.

அதே பதிவில்தான் இன்னொன்றும் இருந்தது. ஸ்காட்ஸ் மொழிக்கு வரலாற்றில் வேறெவரையும்விட அதிகக் கேடு செய்தவர் இவராக இருக்கலாம் என்றும், இதுவரை காணாத அளவிலான பண்பாட்டுச் சிதைப்பு என்றும் எழுதினார். ஆத்திரம் புரிகிறது. ஆனால் அளவு பிசகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வாயடைத்த வகுப்பறைகளைவிடவா ஒரு சிறுவன் கேடு செய்துவிட்டான்? இந்த இரண்டு வரிகள் இல்லாமலும் பதிவின் ஒவ்வொரு ஆதாரமும் நின்றிருக்கும். பத்திரிகைகள் எடுத்துப்போட்டது ஒப்பீட்டு வாக்கியங்களைவிட இந்த வரிகளையே.

பொதுவில் எழுதியது சரியா, முதலில் தனியாகப் பேசியிருக்க வேண்டாமா என்று பிறகு விவாதம் நடந்தது. என் கருத்தில், பொதுவில் எழுதியதில் பிழையில்லை. சம்பந்தப்பட்டவரே நிர்வாகியாக இருக்கும் இடத்தில் அவருக்குச் செய்தி இடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் ஒரு குறிப்பு இட்டுவிட்டுக் காத்திருந்தால் அது இன்னோர் ஏழாண்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ‘இந்தக் கட்டுரைகள் பிழை’ என்பதும் ‘இந்த ஆள் குற்றவாளி’ என்பதும் வேறுவேறு. முதலாவதற்கு மட்டும்தான் பதிவரிடம் ஆதாரம் இருந்தது.

அடுத்த சில நாட்கள்

கேலியின் திசை ஒரே இரவில் மாறியது. அதுவரை மொழியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது ஆளைப் பார்த்துச் சிரித்தார்கள். மொழிக்காகக் கோபப்பட்டவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். தொகுப்பாளருக்கு வசைச் செய்திகள் குவிந்தன. பயனர் பெயரைப் பிடித்துக்கொண்டு அவருடைய மற்ற கணக்குகளைத் தேடிப் போனவர்களும் உண்டு. அந்தரங்க விஷயங்களை இழுத்துப் பேசினார்கள். அவற்றை இங்கே திருப்பிச் சொல்லத் தேவையில்லை.

தொகுப்பாளர் தன் தரப்பை ஒரு குறிப்பாக எழுதினார். தொடங்கியபோது 12 வயது என்றும், சின்ன வயதில் தொடங்கிய பழக்கம் வளர்ந்த பிறகும் கெடுதலாகிவிட்டது என்பது சில வேளை கண்ணுக்குத் தெரிவதில்லை என்றும் சொன்னார். தன் கட்டுரைகளை நீக்கினாலும் மாற்றினாலும் ஆட்சேபம் இல்லை, துன்புறுத்துவதை மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். சாக்குப்போக்கு சொல்லாமல், எதிர்வாதம் செய்யாமல் ஒதுங்கினார். அப்போதும் அவருக்கு இருபது வயது ஆகவில்லை.

அந்த வாரத்தில் நிதானமாகப் பேசிய குரல்களில் ஒன்று ஸ்காட்ஸ் மொழி மையத்தின் இயக்குநருடையது. இவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விடக் கோபப்பட உரிமை இருந்தது. அவர் சொன்னது வேறு. இந்தப் பையன் நம்ப முடியாத அளவு உழைத்திருக்கிறான், திருத்தி எழுத ஒரு கட்டமைப்பை உருவாக்கி வைத்திருக்கிறான், இனி வேண்டியது ஸ்காட்ஸில் எழுதத் தெரிந்தவர்கள் உள்ளே வருவது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையோடும் தொடர்புகொண்டு, தளத்தைக் காப்பாற்றும் வழியைப் பேசினார். ஆகஸ்ட் முடிவதற்குள்ளாகவே இணையவழியில் பலர் கூடிக் கட்டுரைகளைத் திருத்தும் ஒரு தொடர்தொகுப்பு நிகழ்வுக்கு ஏற்பாடானது. அவ்வளவு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத ஸ்காட்ஸ் எழுத்தாளர்களும் ஆர்வலர்களும் முதன்முறையாக ‘தொகு’ பொத்தானை அழுத்தினார்கள்.

மேல்-விக்கி விவாதம்

அதே நாட்களில் மேல்-விக்கியில் கருத்துக்கேட்புப் பக்கம் ஒன்று திறக்கப்பட்டது. நீண்ட, சூடான விவாதம். அதில் வந்த யோசனைகள் நாலு தரப்பாகப் பிரிந்தன.

தளத்தையே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றது ஒரு தரப்பு. போலி ஸ்காட்ஸ் ஒவ்வொரு நாளும் தேடுபொறியில் முதலில் வந்து நிற்கிறது, அது நிற்கும்வரை கெடுதல் தொடரும் என்பது அவர்கள் வாதம். இதை எளிதில் தள்ள முடியாது. மொழிபெயர்ப்பு மென்பொருளும் மொழி கற்கும் கணினி மாதிரிகளும் சிறிய மொழிகளுக்கு விக்கிப்பீடியாவைத்தான் முதலில் அள்ளுகின்றன. இணையத்தில் வேறு உரை குறைவு என்பதால், அங்கே இருக்கும் பிழை அந்த மொழியின் இலக்கணமாகவே கணினிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தொகுப்பாளர் எழுதியதை மட்டும் தானியங்கி நிரல் கொண்டு நீக்கலாம் என்றது இரண்டாவது தரப்பு. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஆராய்ந்தபோது பிரச்சினை ஒருவரோடு முடியவில்லை என்று தெரிந்தது. ஸ்காட்ஸ் சரியாக வராத வேறு பங்களிப்பாளர்களும் இருந்தார்கள். அவர் எழுதிய பக்கங்களில் பிறர் செய்த நல்ல திருத்தங்களும் கலந்திருந்தன. ‘ஒரே ஆள் கெடுத்தார்’ என்ற தலைப்புச் செய்தி அங்கேயே ஆட்டம் கண்டது. அது யாருடைய காதிலும் விழவில்லை என்பது வேறு.

பழைய நிலைக்குத் திருப்பலாம் என்பது மூன்றாவது. எந்தத் தேதிக்குத் திருப்புவது? 2013க்கு முன்னால் இருந்தது மட்டும் நல்ல ஸ்காட்ஸ் என்று யார் உறுதி சொல்வது?

நான்காவது, ஐயத்துக்குரிய பக்கங்களில் எச்சரிக்கைக் குறிப்பு இட்டு, ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்ப்பது. மெதுவானது, அலுப்பூட்டுவது, ஆனால் மொழி தெரிந்தவர்களின் கைக்கு வேலையைக் கொடுப்பது இது ஒன்றுதான். நடைமுறையில் இதுவும் படிப்படியான நீக்கமும் சேர்ந்துதான் நடந்தன. தளம் மூடப்படவில்லை.

விளைவு

2020இல் 57,000 அளவில் இருந்த கட்டுரை எண்ணிக்கை பின் வந்த ஆண்டுகளில் 35,000 அளவுக்கு இறங்கியது. விக்கிப்பீடியாக்களை எண்ணிக்கையால் தரவரிசைப்படுத்திப் பார்க்கிறவர்களுக்கு இது சரிவு. எனக்கு இது அந்தத் தளத்தின் வரலாற்றில் நடந்த உருப்படியான காரியம்.

முதல் வாரக் கூட்டம் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட எல்லா நிகழ்விலும் அதுதான் நடக்கும். செய்தி சூடாக இருக்கும்போது வந்தவர்களில் சிலர்தான் அடுத்த குளிர்காலத்தில் இருந்தார்கள். கையால் சரிபார்க்கும் வேலையில் படம் பிடித்துப் போட எதுவும் இல்லை.

‘ஸ்காட்ஸ் மொழியே இல்லை’ என்கிறவர்களுக்கும் இந்த நிகழ்வு தீனி போட்டது. ஏழாண்டு ஒருவன் இட்டுக்கட்டி எழுதியிருக்கிறான், ஒருவருக்கும் தெரியவில்லை என்றால் அப்படி ஒரு மொழி இருக்கிறதா என்று கேட்டார்கள். எதிர்த்திசையிலும் ஓர் அசைவு இருந்தது. ஸ்காட்ஸுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள வேறுபாடு சொல்லில் மட்டும் இல்லை, வாக்கியக் கட்டில் இருக்கிறது என்பது பொதுச் செய்திகளிலும் பேசப்பட்டது. 2025இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கெய்லிக், ஸ்காட்ஸ் இரண்டுக்கும் அதிகாரபூர்வ நிலை தரும் சட்டத்தை இயற்றியது. அது வேறு பலரின் நீண்டகால உழைப்பால் வந்தது, இந்த நிகழ்வுக்கும் அதற்கும் முடிச்சுப் போடவில்லை.

தமிழ்ப் பக்கத்தில் ஓர் ஒப்பீடு

இதற்குப் பத்தாண்டு முன்னால் தமிழ் விக்கிப்பீடியாவும் கிட்டத்தட்ட இதே சிக்கலைச் சந்தித்தது, ஆனால் எதிரே இருந்தது சிறுவன் அல்ல, கூகுள். 2009–10 வாக்கில் அந்நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவிகொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைச் சில இந்திய மொழிகளில் ஏற்றியது. தமிழில் வந்தவை நீளமாக இருந்தன, வாசிக்க முடியவில்லை. தலைப்புத் தேர்வும் இங்குள்ள வாசகருக்கு ஒட்டவில்லை. ஏற்றிவிட்டுப் போனவர்கள் பேச்சுப் பக்கத்தில் கேட்டால் பதில் சொல்ல வரவில்லை.

தமிழ் விக்கிப்பீடியர்கள் அந்தக் கட்டுரைகளைப் படித்து, பிழைகளை வகை பிரித்து எழுதினார்கள். வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி, திட்டத்தை நடத்தியவர்களை அழைத்துப் பேசினார்கள். என்ன தலைப்பு, எந்தத் தரம், யார் சரிபார்ப்பது என்று நிபந்தனை வைத்தார்கள். 2010இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில் இந்த மதிப்பாய்வை முன்வைக்கவும் செய்தார்கள். எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், அந்தக் காலக் கட்டுரைகள் சில இன்றும் கரடுமுரடாகக் கிடக்கின்றன. ஆனால் பிழை முதல் ஆண்டிலேயே பிழை என்று அடையாளம் காணப்பட்டது. காரணம் எளிது: தமிழில் படித்து, தமிழில் எழுதுகிற ஐம்பது பேர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்காட்ஸுக்கு அது வாய்க்கவில்லை.

எதை மாற்றியிருக்கலாம்

நிர்வாகி உரிமை தரும்போது தொகுப்பு எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மொழி தெரிந்த இரண்டு பேர் அவருடைய பத்துக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்திருந்தால் போதும். அப்படிப் படித்துச் சொல்ல இரண்டு பேர்கூட இல்லையென்றால் அந்தப் பதிப்பு தனியாக இயங்கத் தயாராக இல்லை என்று பொருள். 2025இல் கிரீன்லாந்து மொழி விக்கிப்பீடியாவுக்கு இந்த முடிவைத்தான் எடுத்தார்கள். அந்த மொழி பேசுகிறவர்கள் தொகுக்க வரவில்லை, இயந்திர மொழிபெயர்ப்பு நிரம்பிவிட்டது என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிர்வாகியே மூடச் சொல்லிக் கேட்டார். 2005இல் ஸ்காட்ஸுக்கு இப்படி யோசிக்க ஆள் இல்லை.

வயது தெரியாத இடத்தில் வயதைக் கேட்க முடியாது. ஆனால் நாளுக்கு ஏழெட்டுக் கட்டுரை இடுகிற புதியவரைப் பார்த்தால், பாராட்டி நட்சத்திரப் பதக்கம் இடுவதற்கு முன் ‘இதை எப்படி எழுதுகிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்கலாம். பன்னிரண்டு வயதுக்காரர் அதற்கு மறைக்காமல் பதில் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். 2020இல் கேட்டபோதும் அவர் மறைக்கவில்லை.

பதிவரின் இடத்தில் இருப்பவர், ஆதாரத்தை வெளியிடும் அன்றே, சரிசெய்யக்கூடியவர்கள் கையிலும் அதைக் கொடுத்துவிடுவது நல்லது. மொழி மையம் நான்கு நாள் முன்னால் அறிந்திருந்தால், கூட்டம் வந்து சேர்ந்தபோது ‘இந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்’ என்று காட்ட ஒரு பட்டியல் தயாராக இருந்திருக்கும். பட்டியல் இல்லாத கூட்டம் ஆளைத்தான் தேடும்.

கேலிக்கு விதி போட முடியாது. ஆனால் குழு நடத்துகிறவர்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரலாம்: பிழையைப் படம் பிடித்துப் போடுகிறவர், சரியான வாக்கியத்தையும் கீழே எழுத வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவை அந்த ஏழாண்டில் படம் பிடித்துப் போட்டவர்களில் பத்தில் ஒருவர் அப்படிக் கேட்டிருந்தாலும், ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்துக்காரர் யாராவது வந்து ‘இது எங்கள் பேச்சே இல்லையே’ என்று 2014இலேயே சொல்லியிருப்பார்.